மோட்டல்காரிக்குக் கார் ஓட்டத் தெரியாது

மார்ச் 4, திங்கள்
ஏழாம் அறையில் குழாய் ஒழுகுகிறது. தன்சுக் செத்துப்போய் இன்றோடு பத்தொன்பது நாள். புருஷன் போனதற்கு இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. நெஞ்சு மரத்துக் கிடக்கிறது.

மார்ச் 6
டாலஸிலிருந்து மகன் மௌலிக் போன் செய்தான். "மம்மி, மோட்டல வித்துட்டு இங்க வந்துடு. கடைக்குப் போகவே நாப்பது மைல். உனக்கு ஓட்டவும் தெரியாது. தனியா என்ன பண்ணுவ?"
ஜூன் வரை டைம் கேட்டேன். எதற்கு? தெரியவில்லை. இது என் வீடு. வேறு காரணம் இல்லை.

மார்ச் 11
வயதான ஜெர்மன்காரர் ஒருவர் சாவி வாங்கும்போது கேட்டார், "மோட்டல்னா என்னம்மா அர்த்தம்?"
தன்சுக் முப்பத்தொரு வருஷம் சொன்னதை நானும் ஒப்பித்தேன். மோட்டார், ஹோட்டல். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் கலிபோர்னியாவில் ஒருத்தன், இரண்டு வார்த்தையும் பலகையில் அடங்கவில்லை என்று ஒட்டிவிட்டானாம். அறைக் கதவைத் திறந்தால் எதிரே உங்கள் கார். அதுதான் மோட்டல்.
"உங்க கார் எது?"
"அவரோடது நிக்குது. எனக்கு ஓட்டத் தெரியாது."
மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். நியாயமான சிரிப்புதான்.

மார்ச் 12
அறை சுத்தம் செய்யும் ஆரேலியாவிடம் கார் ஓட்டச் சொல்லித்தரும்படி கேட்டேன். "ஏறுங்க சென்யோரா. முதல்ல சீட்ட முன்னால தள்ளுங்க."
சீட் தன்சுக்கின் கால் நீளத்துக்கு இருந்தது. தள்ளினேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரல் 2
தங்க வருபவர்களுக்காக வெளியே வைத்திருக்கும் ஐஸ் மெஷின் மேல் காரை மோதிவிட்டேன். "ஐஸ் வேணும்னா இறங்கிப் போய் எடுக்கணும், சென்யோரா" என்கிறாள்.

மே 21
லைசென்ஸ் வந்துவிட்டது. மௌலிக் நம்பவில்லை. "டாலஸ் வரைக்கும் நீயே ஓட்டிட்டு வா. அப்புறம் விக்கிற பேச்சே எடுக்கமாட்டேன்."

மே 30
டாலஸ் போகும் வழியில் அமரில்லோ. ராத்திரி தங்க ஒரு மோட்டலில் நிறுத்தினேன். வரவேற்பில் நம் குஜராத்திப் பெண்தான். கார்டில் ரசீலா என்று பெயரும் கார் நம்பரும் எழுதிக் கொடுத்தேன்.
"எத்தன பேரு, ரசீலாபென்?"
"ரெண்டு பேர்."
அவள் கண்ணாடி வழியாகக் காரை எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
ஐயோ. இல்லம்மா, ஒருத்திதான். நான் மட்டும்தான் வந்திருக்கேன் —
அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். அவள் மேஜையைச் சுற்றி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

மே 31
டாலஸ். மௌலிக் வாசலில் நின்று காரைப் பார்த்தான், என் வீங்கிய கண்ணைப் பார்த்தான்.
"எப்ப திரும்பிப் போகணும், மம்மி?"