அழித்துவிட்டு இணைக்கவா?

நாள் 112 / 06:40
வழக்கமான பதிவு. பனிவிளிம்பு நிலையம், நிலவின் தென்முனை. எழுதுவது ஜெசிந்தா, தகவல் தொடர்புப் பொறியாளர். நிலையத்தில் நாங்கள் இருவர்தான். மற்றவர் துளைப்புப் பொறியாளர் கருத்தப்பாண்டி அண்ணாச்சி. காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. பெரிய ஆன்டெனா பதினோராம் நாளாகப் பழுது. சிறிய ஆன்டெனாவில் குரல் தெளிவாகப் போகிறது. கோப்புகள் மட்டும் ஊர்ந்து ஊர்ந்து வருகின்றன. அண்ணாச்சி இரண்டு வண்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, உதிரித் துளைமுனை எடுக்கப் பழைய கிடங்குக்குக் கிளம்பியிருக்கிறார்.

நாள் 112 / 07:25
கிடங்கின் கதவு அவர் உள்ளே போனதும் மூடிக்கொண்டது. உள்ளே இருக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை.

கிடங்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் குழு கட்டியது. பொத்தான் கைவிட்டால் கதவைத் திறக்க ஒரே வழி, அவர்கள் விட்டுப்போன ஸ்மார்ட்போன். ஸ்மார்ட்போன் வந்த புதிதில் செய்த வகை. அந்தக் காலத்துச் சில்லுகள் கதிர்வீச்சைத் தாங்கும் என்று தேடி வாங்கினார்களாம். திறப்பதற்கான சாவி அந்தப் போனுக்குள் இருக்கிறது. போனை எழுப்ப, அதே காலத்து மடிக்கணினியும் அதிலுள்ள மென்பொருளும் வேண்டும். எல்லாம் எங்கள் அலமாரியில் ஒரு பெட்டியில் இருக்கின்றன.

கிடங்கில் காற்று இல்லை. அவர் உடுப்பில் பத்து மணி நேரத்துக்கு இருக்கிறது. 17:25 வரை. அடுத்த நிலையத்திலிருந்து வண்டி வர மூன்று நாள் ஆகும்.

வானொலியில் அவர்: “பதறாத தாயி. அந்தப் போனு வகுப்புக்கு நீ போனவதான?”
நான்: “ஆமா அண்ணாச்சி. அரை மணி நேரத்துல தொறந்துருதேன்.”

நாள் 112 / 08:30
போன் செத்துக் கிடந்தது. இருபது நிமிடம் மின்சாரம் ஏறியபின் கண் திறந்தது. கறுப்புக் கண்ணாடி, கீழே ஒற்றை வட்டப் பொத்தான். திரையில் ஒரு கேபிள் படம், பக்கத்தில் கணினியைக் காட்டும் ஓர் அம்புக்குறி. வேறெதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினால் அதே படம். கேபிளைச் செருகினேன். மடிக்கணினியில் மென்பொருள் திறந்தது. பாட்டுப் பட்டியல்கள், படப் பட்டியல்கள் எல்லாம் வந்தன. போனின் பெயர் வரவில்லை.

நாள் 112 / 09:15
பூமிக் கட்டுப்பாட்டறை: “ஜெசிந்தா, வகுப்பு எடுத்த சுந்தரவடிவு மேடம் இங்க பக்கத்து அறையிலதான் இருக்காங்க. லைன்ல கூப்பிடட்டுமா?”
நான்: “வேண்டாம் சார். முறை தெரியும்.”

அண்ணாச்சி கேட்டதற்கு, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன். சார்ஜ் ஏறி முக்கால் மணி நேரம் ஆகிறது.

நாள் 112 / 10:50
மென்பொருளை மூடித் திறந்தேன். மடிக்கணினியை அணைத்துப் போட்டேன். கேபிளின் மறுமுனையை வேறு துளையில் செருகியதும் போனின் பெயர் வந்தது. கூடவே போனில் நான்கு இலக்க எண் கேட்டது. எண் பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்கிறது. ஆனால் திரை என் தொடுதலை ஏற்கவில்லை. எங்கள் கருவிகள் எல்லாம் கையுறையோடு அழுத்துவதற்குச் செய்தவை. அழுத்திப் பழகியவள் நான். பேனா முனையால் குத்தினேன், நகத்தால் குத்தினேன். ஐம்பது நிமிடம். கடைசியில் அலுத்துப்போய் விரலை மெல்ல வைத்தபோது எண் விழுந்தது. வெறும் தோல் பட்டால் போதுமாம்.

வகுப்பில் உட்கார்ந்திருந்த எவருக்கும் இது முதல் நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நாள் 112 / 11:35
விசாரணையில் எப்படியும் இதை வாசிப்பார்கள். நானே எழுதிவிடுகிறேன்.

நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை. அரை நாள் வகுப்பு. பழம்பொருளுக்கு ஒரு பாடமா என்று சிரித்துவிட்டு, வருகைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தோழிகள் இருவரோடு பிரியாணி சாப்பிடப் போனேன். மாலையில் திரும்பிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டேன். அதைக் கொடுத்த சுந்தரவடிவு மேடம் “சந்தேகம் ஏதும் இருக்காம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

இப்போது அவர் பக்கத்து அறையில் இருக்கிறார். கூப்பிட்டால் போதும். வாய் வரவில்லை.

நாள் 112 / 12:10
மடிக்கணினியில் ஒரு செய்தி: “இந்தப் போன் வேறொரு கணினியுடன் இணைக்கப்பட்டது. இதில் உள்ளவற்றை அழித்துவிட்டு இந்தக் கணினியுடன் இணைக்கவா?” கீழே இரண்டு பொத்தான்கள்.

இணைக்கவா என்பதைத்தான் என் கண் வாசித்தது. அழுத்திவிட்டேன்.

நாள் 112 / 12:25
போன் புத்தம்புதிதாக வரவேற்கிறது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கதவுக்கான செயலி இல்லை. சாவி இல்லை.

நாள் 112 / 12:40
சுந்தரவடிவு மேடத்தை லைனில் கேட்டேன். எல்லாம் சொன்னேன். பிரியாணி வரை.

வழக்கமான மூன்று நொடி கழித்துப் பதில் வந்தது.

“நான் அந்த வகுப்புல முக்கியமா சொன்னதே அது ஒண்ணுதாம்மா. அந்தக் கேள்வி வந்தா வேண்டாம்னு அழுத்தணும். அவ்வளவுதான். போன் தானா வேலை செய்யும்.”

பிறகு: “அந்தப் போன் பழுதுபார்க்க இங்க வந்தப்ப, திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி என் கணினியில ஒரு நகல் எடுத்து வச்சேன். அனுப்புறேன். உங்க ஆன்டெனாவுக்கு ஆறு மணி நேரம் ஆகும். ஏம்மா காலையிலேயே கேட்கல?”

ஆறு மணி நேரம் என்றால் 18:40. ஒன்பதேகாலுக்குக் கேட்டபோது சரி என்று சொல்லியிருந்தால் நகலே தேவைப்பட்டிருக்காது; அப்போதே அனுப்பியிருந்தாலும் 15:15.

நாள் 112 / 13:00
அண்ணாச்சியிடம் ஒரு கோப்பு வர வேண்டியிருக்கிறது, தாமதமாகும் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

“எம்புட்டு நேரம்?”
“ஏழு மணி ஆயிரும் அண்ணாச்சி.”
“சரி. நான் அசையாமப் படுத்துக்கிடுதேன். பேச்சுக்கும் காத்து செலவாகும்லா. நீ பேசு, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

கோப்பு வந்த சதவீதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு. ஐந்து. ஐந்து.

நாள் 112 / 16:55
எழுபத்தொன்று. இரண்டாவது வண்டியை ஓட்டிக்கொண்டு கிடங்கின் வாசலுக்கு வந்துவிட்டேன். மடிக்கணினியும் போனும் மடியில். நிலையம் வழியாகக் கோப்பு வண்டிக்கு வருகிறது.

“தாயி, தலை வலிக்கி. எம்பொண்ணு நம்பர் ஒங்கிட்ட இருக்குல்லா?”
“இருக்கு அண்ணாச்சி.”

நாள் 112 / 17:50
அவர் பதில் சொல்லவில்லை. மூச்சு மட்டும் வேகமாகக் கேட்கிறது. எண்பத்தாறு.

நாள் 112 / 19:05
கோப்பு 18:38-க்கு முடிந்தது. போனில் ஏற்ற இருபது நிமிடம். செயலி வந்தது. வெறும் விரலை வைத்தேன். கதவு திறந்தது.

மூச்சு இருக்கிறது.

நாள் 113 / 11:00
நிலையத்துக் கட்டிலில் கண் விழித்தார். முதல் கேள்வி: “கதவு தொறந்துருச்சா?”

எல்லாவற்றையும் சொன்னேன். “நானும் எத்தனையோ வகுப்புல கையெழுத்த மட்டும் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கேன். விடு தாயி” என்றார். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நாள் 113 / 11:45
“கதவு தொறந்துருச்சா?”

நாள் 113 / 13:20
பூமியிலிருந்து மருத்துவர்: பழைய நினைவுகள் அப்படியே இருக்கின்றன, புதிதாக எதுவும் தங்கவில்லை. காற்று குறைந்ததால் வந்தது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

மறுபடி சொன்னேன். மறுபடி மன்னித்தார். முக்கால் மணி நேரத்தில் மறுபடி கேட்டார்.

நாள் 114 / 09:30
ஐந்தாம் முறை மன்னிக்கவில்லை. “எனக்குப் பேரன் பொறக்கப் போறான்டி” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் மறக்கக் காத்திருந்தேன்.

நாள் 114 / 10:20
“கதவு தொறந்துருச்சா?”
“தொறந்தாச்சு அண்ணாச்சி.”
“நீதான் தொறந்தியா? வகுப்புல ஒழுங்கா உக்காந்து படிச்ச பிள்ள. அதான் நான் பொழச்சேன்.”

ஆறாம் முறை சொல்ல என்னால் முடியவில்லை. “ஆமா அண்ணாச்சி” என்றேன்.

நாள் 114 / 12:30
இரண்டு மணி நேரமாக அவர் கதவைப் பற்றிக் கேட்கவில்லை.

சற்று முன் மருத்துவர் லைனில் வந்து, என்ன நடந்தது தெரியுமா என்று அவரிடம் கேட்டார். “கிடங்குல மாட்டிக்கிட்டேன். இந்தப் பிள்ள வகுப்புல ஒழுங்காப் படிச்சிருந்துச்சு, காப்பாத்திருச்சு” என்றார் அண்ணாச்சி. ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

நாள் 114 / 12:50
மருத்துவர், எனக்கு மட்டும்: “ரொம்ப நல்ல செய்தி ஜெசிந்தா. அவர் மனசுல புதுசா தங்கின முதல் ஞாபகம் இது. இதைக் கலைச்சிடாதீங்க. வேற எதையும் சொல்லிக் குழப்பாம, இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருங்க.”

நாள் 114 / 13:05
கூப்பிடுகிறார். சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார். அவருடைய மகள் லைனில் இருக்கிறாளாம், எனக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.