வெறும் ஓட்டம்

அன்புள்ள உனக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் எல்லார் எதிரிலும் 'நீங்க' என்பேன், ஆய்வகத்துக் கதவுக்கு உள்ளே மட்டும் 'நீ'. இது ஆய்வகத்துக் கடிதம், அதனால் நீ. போனில் சொல்லத்தான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை சின்னது போனைப் பிடுங்கி, பல் விழுந்த ஓட்டையை உனக்குக் காட்டியது. அடுத்த தடவை அத்தை வந்து உட்கார்ந்துகொண்டார். மகன் முகத்தைப் பார்த்தால் அவருக்கு முழங்கால் வலிகூட மறந்துபோகிறது.

மாடி வீட்டு டீச்சரிடம் அத்தை, "எம்பையன் வெளிச்சத்தையே ரெண்டா மடிச்சவன்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அலைநீளம் பாதியாவதை நீ அவருக்கு விளக்கிய லட்சணம் அது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அடுத்த மாதம் உன் வேலையை நிரந்தரமாக்கும் கூட்டம் இருப்பதையும் தேதியோடு சொல்லியிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கட்டுரையைப் படித்துவிட்டுப் போன மாதம் ஒரு குழு எழுதியிருந்ததே, அதே படிகம், அதே குறுகிய லேசர் துடிப்பு, ஆனால் பாதி அலைநீளத்தில் வெளிச்சம் வரவே இல்லை என்று. அந்தப் படிகத்தில் வராது என்றுதான் பாடப்புத்தகமும் சொல்கிறது. வருகிறது என்று சொல்லித்தான் நாம் பேர் வாங்கினோம், நீ அங்கே வேலைக்குப் போனதும் அதை வைத்துத்தான். உங்கள் படிகம் சரியில்லை என்று நீ பதில் போட்டுவிட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை நம் பழைய மேசையில் எல்லாவற்றையும் அப்படியே அடுக்கினேன். சிக்னல் ஜோராக வந்தது. லேசரை இரண்டு மடங்காக்கினால் சிக்னல் நான்கு மடங்கு, கட்டுரையில் போட்ட அதே கோடு. பிறகு படிகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெளிச்சத்தைத் திருப்பி மட்டும் அனுப்புகிற, முலாம் பூசிய சாதாரணக் கண்ணாடியை வைத்தேன். அப்போதும் வந்தது. முன்னைவிடக் கூடவே வந்தது.

வெளிச்சத்தை அளக்கிற டிடெக்டர் மேல் சந்தேகம் வந்தது. கட்டுரைக்காக அளந்த வாரத்தில்தான் நாம் அதை மாற்றினோம், ஞாபகம் இருக்கிறதா? புதிது சிலிக்கான். சிலிக்கானுக்கு நம் லேசரின் அகச்சிவப்பு தெரியாது, அதைத் தடுக்கிற ஃபில்டர் எதற்கு, இருக்கிற துளி வெளிச்சத்தையும் அது தின்றுவிடும் என்று கழற்றி வைத்தோம். ஃபோட்டான் ஒவ்வொன்றாக வந்தால் தெரியாதுதான். அவ்வளவு குறுகிய துடிப்பில் அவை பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் மாதிரி நெருக்கியடித்து வருகின்றன. இரண்டு சேர்ந்து மோதினால் சிலிக்கான் உணர்ந்துவிடுகிறது, அதற்கும் கணக்கு இரண்டுக்கு நான்குதான். படிகத்தில் தேடிய கூத்து டிடெக்டருக்குள் நடந்திருக்கிறது. இதையே வகுப்பில் பாடமாக நடத்துகிற இரண்டு பேர் கோட்டை விட்டிருக்கிறோம்.

இரண்டு பேர் என்று எழுதியது தப்பு. நோட்டை எடுத்துப் பார்த்தேன். படிகம் இல்லாமல் ஒரு தடவை அளக்கிற வெறும் ஓட்டம் எப்போதும் என் பொறுப்பு. அன்று மத்தியானம் சின்னதுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. பழைய டிடெக்டரில் எத்தனையோ தடவை பூஜ்யம்தானே வந்தது, இதிலும் அதுதான் வரும் என்று 'வெறும் ஓட்டம்: பூஜ்யம்' என எழுதிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அளக்கவே இல்லை. சாயங்காலம் வந்து எடுத்தியா என்று கேட்டாய். எடுத்தாச்சு என்றேன். நீ நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஊரையே குடைந்தெடுக்கிற மனுஷன் என்னிடம் மட்டும் மறு கேள்வி கேட்டதில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிற கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் கூட்டம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். கூட்டத்தில் அவர்கள் புரட்டப்போவதே இந்தக் கட்டுரையைத்தான் என்று நினைத்ததும் வாதத்தை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் நீ நிம்மதியாகப் போய் உட்கார்ந்திருப்பாய். இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

திரும்பப் பெறுகிற கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கும்: 'வெறும் ஓட்டம் எடுக்கப்படவில்லை, எடுத்ததாகக் குறித்தவர் இரண்டாம் ஆசிரியர்.' உன்னை எனக்குத் தெரியாதா? அதை அடித்துவிட்டு 'எங்கள் கவனக்குறைவு' என்று மாற்றுவாய். மாற்றாதே. ஃபில்டரைக் கழற்றியதில் உனக்குப் பங்கு உண்டு, அதையும் எழுதியிருக்கிறேன். பொய்யில் உனக்குப் பங்கு கிடையாது.

வேலை நிலைக்காவிட்டால் நேராக வீட்டுக்கு வந்துவிடு. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன், அது என் பாடு. உன் பெயருக்கு மேலே இடம் விட்டிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. கோபம் வந்தால் போனில் கத்து, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் தலைநிமிர்ந்து நன்றாக இருக்கவேண்டும். இனிமேல் நான் எதைச் சொன்னாலும் நோட்டை வாங்கிப் பார். பார்த்துவிட்டாவது நம்பு.

இப்படிக்கு,
உன்னவள்