இடம் சொல்லிக் கூப்பிட்ட குரல்

இன்று கோதுமைக் கப்பல் வந்திருக்கிறது. காலையில் தூறல் விழுந்து சாக்கெல்லாம் நனைந்துவிட்டது. அந்தப் புளித்த வாடை அடித்ததும் பக்கத்தில் நீ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அழுகை வரவில்லை. நீ போன நாளிலிருந்தே வரவில்லை. பல்லைப் பிடுங்க மருந்து போட்ட கன்னம் மாதிரி எல்லாம் மரத்துக் கிடக்கிறது. தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான்.

நான் கப்பலின் வயிற்றுக்குள் சரக்குக்கு நடுவில் நின்ற காலத்தில், மேலே அதன் வாயோரம் நின்று கூப்பிடுகிறவன் நீ. கிரேன் ஓட்டுகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. எனக்கு மேலே நடப்பது தெரியாது. இரண்டு பக்கமும் தெரிந்தவன் நீ ஒருவன்தான். உன் வாயில் வருவதை நம்பித்தான் கீழே எங்கள் தலை இருந்தது. கிரேன்காரரோ பம்பாய்ப் பக்கத்து ஆள். தமிழ் தெரியாது. அதனால் கப்பல் துரைமார் பேசுவதைக் காதில் வாங்கி வாங்கி நீ ஓர் இங்கிலீஷ் பழகினாய். வணக்கம் சொல்லவோ நலம் கேட்கவோ அதில் வழியில்லை. எது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

அதைப் பழகிப் பார்க்க வேலை விட்டு வரும் வழிதான் உனக்குப் பள்ளிக்கூடம். ராயபுரம் வரைக்கும் கண்ணில் பட்டதையெல்லாம் கூவிக்கொண்டே வருவாய். காக்கா அப் ஆன் த ஒயர். வண்டிமாடு டவுன் பை த குழாய். உன் வீட்டுச் சந்து திரும்பினால் கன்னியம்மா வாசலில் நிற்பாள். நீ குரலைத் தாழ்த்தி, "மை ஒய்ஃப் அவுட் ஆன் த ரோடு வித் தொடப்பம்" என்பாய். அவளுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் தன்னைத்தான் சொல்கிறாய் என்று மட்டும் புரிந்துவிடும்.

"இன்னாத்துக்குடா ஒரு எடத்த ரெண்டு வாட்டி சொல்றான் துரை?" என்று ஒருநாள் கேட்டேன். அப், டவுன், ஓவர் என்று முதலில் ஒன்று. பிறகு ஆன், இன், பை என்று இன்னொன்று. எனக்கு அது வீண்பேச்சாகப் பட்டது.

நீ நின்று, கையை வீசிக் காட்டினாய். "மொதல்ல எந்தப் பக்கம்னு கைய வீசுறான் மாமு. அப்பால எந்த எடம்னு வெரல வெக்கிறான். நம்மளுந்தான் சொல்றோம், அந்தாண்ட, கெணத்தாண்டன்னு. வெறும் டவுன்னு சொல்லி வுட்டா அவரு எறக்கிக்கினே இருப்பாரு. எங்கன்னு சொல்லலன்னா உன் தலமேலதான் எறங்கும்."

அதன் பிறகு நான் கேட்கவில்லை. கீழே நிற்கும்போது உன் குரலின் முதல் பாதியிலேயே என் கால் நகர்ந்துவிடும். இரண்டாம் பாதியில் எங்கே போய் நிற்பது என்று தெரிந்துவிடும்.

அந்த இரும்புக் கம்பிக் கப்பலை நீ மறந்திருக்க மாட்டாய். கட்டு இறங்கும்போது ஒரு முனை நழுவி ஆட ஆரம்பித்தது. நான் ஊர்ப்பக்கத்து மூலையில் மாட்டிக்கொண்டேன். நகர இடமில்லை. இடது வலது என்று சொல்லத்தான் துரை உத்தரவு. நீயும் கிரேன்காரரும் எதிரெதிரே. உன் இடது அவருக்கு வலது. யோசிக்க ஏது நேரம்? "ஓவர், ஓவர் டு த சீ" என்று உன் குரல் வந்தது. அவர் உன்னோடு பழகியவர். கிழக்கே திருப்பிவிட்டார். கட்டு என்னைத் தாண்டிப் போய் எதிர்ப்புறப் பலகையில் விழுந்தது.

நான் மேலே ஏறி வந்தபோது துரை உன்னிடம் கத்திக்கொண்டிருந்தார். கப்பலைச் சுற்றி எல்லாம் கடல்தானே, எந்தக் கடல் என்று கேட்கிறார் என்றார் மேஸ்திரி. துரை கேட்டதும் நியாயம்தான். நீ சாவகாசமாக, "சுத்தியும் கீறது தண்ணி நைனா. கடல் அந்தாண்டதான் கீது" என்றாய். காசிமேட்டு மீனவக் குப்பத்தில் பிறந்தவன் வேறென்ன சொல்வான்? மேஸ்திரி அதை மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் உன்னைக் கீழே இறக்கிவிட்டு என்னை மேலே நிறுத்தினார்கள். உன் இங்கிலீஷ் எனக்குக் காதால் கேட்டுப் பழக்கமே தவிர வாயால் சொல்லிப் பழக்கமில்லை. "போ மாமு. நீ மேல நின்னா நான் கீய பயமில்லாம நிப்பேன்" என்று நீதான் முதுகில் தட்டி அனுப்பினாய். அந்தக் கப்பல் போய் எத்தனையோ கப்பல் வந்துவிட்டது. மேஸ்திரி மட்டும் ஆளை மாற்றவில்லை. சாக்குத் தூசியில் நீ இருமுவது மேலே கேட்கும். கேட்டுக்கொண்டே கூப்பிடுவேன். என்னைக் காப்பாற்றப் போய் நீ வாங்கிக்கொண்ட இருமல் அது. ஆனால் ஒருநாளும் உன் மேல் ஒரு சாக்கு உரச விடவில்லை.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. தூசி தின்ற நெஞ்சு அதைத் தாங்கவில்லை. கப்பலில் உனக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டேன், வீட்டில் பாயில் போய்விட்டாய்.

நம் பக்கம் பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. நாங்கள்தான் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். காரியமெல்லாம் முடிந்து, கன்னியம்மா மறுபடி மீன்கூடை எடுத்த நாளில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாரையும் கேட்டுட்டேண்ணா. அந்தாண்ட, அந்தாண்டன்றாங்கோ. அந்தாண்டன்னா எங்க?"

பொறுமையாகச் சொன்னேன். "உள்ள போனதும் கடலாண்ட திரும்பணும். செவுத்தோரமா, பூவரச மரத்துக்குக் கீய. மரத்துக்கு இந்தாண்ட இல்ல, அந்தாண்ட."

கிரேன்காரருக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சரிதானா என்றாள். சரிதான் என்றேன். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

நீ இல்லை என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் மட்டும் பிசகாமல் சொல்லிவிடுவேன்.