மிதக்கும் பொருள்

அன்புள்ள பிரிஜா,

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போன் செய்தாய். "ஏட்டி, நீ கப்பல் ஆபீசுலதானே இருக்க? அவிய வள்ளம் இன்னும் கரைக்கு வரல்ல. வல்லதும் அறிஞ்சா சொல்லுட்டி" என்றாய். ஒன்றும் தெரியாது என்றேன். அது பொய்.

அன்று காலையில் ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன் எங்கள் ஆபீசுக்கு மெயில் அனுப்பியிருந்தார். முட்டத்துக்குத் தெற்கே, விடியும் நேரத்தில், நீல நிற மீன்பிடி படகு ஒன்றின் மேல் கப்பல் மோதியதாம். கப்பல் நிற்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்களுக்கு அதை நல்ல இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். "படகுன்னு வரக் கூடாது. சரியான வார்த்தையாப் போடும்மா."

'ஃப்ளோட்டிங் ஆப்ஜெக்ட்' என்று போட்டேன். மிதக்கும் பொருள். கப்பல் தொழிலில் புழங்கும் சொல்தான்; யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, நானே போட்டேன். நீல நிறம் என்றிருந்ததையும் நான்தான் நீக்கினேன். "ஒன்னோட இங்கிலீஷ் கப்பலையே கரை சேர்த்துடும்" என்று மேனேஜர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் குரலைக் கேட்டதும் அந்த நீலம் நினைவுக்கு வந்தது. உங்கள் கல்யாணம் முடிந்து அனிஷ் அண்ணன் வள்ளத்துக்கு நீலம் அடித்த அன்று நானும் உன் பக்கத்தில் நின்றேன். வேலை போய்விடுமோ என்று பயந்து மறைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருந்தால் தெற்கே தேடியிருப்பார்கள். பதினொரு நாளாக, அண்ணன் வழக்கமாகப் போகும் மேற்கே தேடுகிறார்கள்.

கேப்டன் அனுப்பிய அந்த மெயிலை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பங்குத்தந்தையிடம் கொடு. யார் தந்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

இனி நீ என்னை ஏட்டி என்று கூப்பிடமாட்டாய்.

பள்ளியில் உன் பெஞ்சில் இருந்தவள்