ஏசண்டுத் துரைக்கு மட்டும் நத்தார் வாழ்த்தோ?

மர்யத்தின்ட வாப்பாவுக்கு,

சோறும் மீனாணமும் அடுப்படியில மூடி வைச்சிருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாராபுரத்துக்கு, ராத்தா வீட்டை போறன். அசர் தொழுகைக்குள்ள வந்திடுவன்.

காலமை நீங்க செய்த வேலைக்கு எனக்கு இன்னும் மனம் ஆறேல்ல. பக்கத்து வீட்டு மதலேனம்மா நத்தார்ப் பலகாரத் தட்டோட வந்து, "பாலன் பிறந்த நாள், உங்களுக்கும் சமாதானம்" எண்டா. நீங்க முகத்தைத் திருப்பினீங்க. அவ போன பிறகு, திருப்பி வாழ்த்தினா ஈமான் போயிடும் எண்டு எனக்கு ஓதினீங்க.

நேத்து ஜில்லாவை ஆளுற ஏசண்டுத் துரையிட பங்களாவில குனிஞ்சு நிண்டு "மெரி கிறிஸ்மஸ் சேர்" எண்டீங்களாமே! தம்பி வஸீர் பார்த்தவன். இங்கிலீசில சொன்னா அல்லாஹ்வுக்கு விளங்காதோ?

அந்தப் பாலனை அவ தேவமகன் எண்டு நம்புறா, நாங்க ஈசா நபி எண்டு நம்புறம். அது ரெண்டு வீட்டுக்கும் தெரியும். நோன்புப் பெருநாளுக்கு அவ வந்து வாழ்த்தினவ. அதுக்காகக் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்திட்டாவோ? அவ சொன்ன சமாதானமும் எங்கட ஸலாமும் ஒண்டுதானே. அதுக்குப் பதில் சொல்லாம விடச் சொல்லி ஆர் உங்களுக்குச் சொன்னது?

அவட தட்டில வட்டிலப்பம் போட்டு அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறன். திறப்பு உங்கட தொப்பிக்குக் கீழ. நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ. வெறுந்தட்டோட போகப்படாது, வெறும் வாயோடயும் போகப்படாது. தமிழில சொல்லுங்கோ.

ஹாஜரா

அடியில கொஞ்சம் இடமிருக்கு, இதையும் கேட்டிட்டுப் போறன். மகளுக்கு ஈசா நபியிட உம்மாட பேர்தான் வேணுமெண்டு அடம்பிடிச்சது நீங்க. அந்த உம்மாக்குப் பிள்ளை பிறந்ததுக்குச் சந்தோசம் சொல்ல வாய் கூசுதோ?