அக்கா எண்ணிய சூரியன்

மார்ச் 3, செவ்வாய்

இந்த ஆண்டுக்கான என் எண் வந்துவிட்டது. முன்பெல்லாம் 0.8. போன ஆண்டு 0.75. இப்போது 0.7. ஐம்பதைத் தாண்டிய மனிதனின் மதிப்பு இறங்குவது இயற்கைதான். ஆனால் அதை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்களா?

என் மறதிக்காக எழுதி வைக்கிறேன். தினமும் காலையில் தொலைநோக்கி வழியே சூரியனின் உருவத்தை ஒரு தட்டின் அளவுக்கு வெள்ளைத் தாளில் விழவைப்போம். அதில் தெரியும் கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்து எண்ணுவோம். இதுதான் இந்த ஆய்வகத்தின் வேலை. எல்லாக் கண்களும் ஒன்றுபோல எண்ணுவதில்லை. ஆகவே ஒருவருடைய கண்ணை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மற்றவர்களின் எண்ணிக்கையை ஆளுக்கோர் எண்ணால் பெருக்கி அதோடு பொருத்துகிறோம். அளவுகோல் என் அக்கா. அவள் எண் ஒன்று. என்றைக்கும் ஒன்று. அவள் பத்து என்றால் சூரியனில் பத்து. நான் பத்து என்றால் ஏழு. மீதி மூன்றும் என் குணக்கேடு.

மாலையில் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் மாடி, நாங்கள் கீழே. இதிலும் ஓர் ஏற்பாடு இருக்கிறது.

"எண்ணைப் பார்த்தியாடா?"

"பார்த்தேன்."

"நீ சின்ன வயசுலயே அப்படித்தானே. தெருவுல ஒரு பூனையைப் பார்த்துட்டு வந்து மூணு புலின்னு சொன்னவன்."

"ரெண்டு புலின்னுதான் சொன்னேன்."

"பாத்தியா, பெருக்கினா சரியா வருது."

என் மனைவி அடுப்படியில் சிரித்த சிரிப்பில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது.

மார்ச் 4, புதன்

மேகம். சூரியனுக்கும் என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் வெளியூரிலிருந்து வருகிறாராம். எந்த நேரமும் தொப்பி போட்டிருப்பவர். படத்தில்கூடத் தொப்பியோடுதான் இருக்கிறார். முப்பது ஆண்டுகளாக ஒரே கண்ணால் எண்ணப்பட்ட அக்காவின் பதிவைப் பிற நாட்டு ஆய்வகங்களுக்கும் அளவுகோலாக ஏற்கலாமா என்று முடிவு செய்யப்போகிறார். அதற்கு முன் சில நாள் அவரே இங்கே உட்கார்ந்து அவளோடு சேர்ந்து வரைவார். இரண்டும் ஒத்துப்போனால் அக்கா உலகத்துக்கே 'ஒன்று'. ஒத்துப்போகாவிட்டால் முப்பது ஆண்டுத் தாள்களையும் கட்டி மூலையில் போட வேண்டியதுதான்.

அவருக்காக அக்காவின் வாழ்க்கையையும் பணியையும் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். எழுத யாரைப் பிடித்தார்கள்? என்னைத்தான். நெருப்பைப் பற்றி எழுத வெந்து போனவனைக் கேட்பதுபோல.

எழுதினேன். இந்தக் கட்டடத்தில் நுழைந்த முதல் பெண். அப்போது இங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. எதிரே இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். அன்றைய இயக்குநர், "ஏணி ஏறுற வேலை, பொம்பளைக்குச் சரிப்படாது. கீழ உக்காந்து கணக்கு போடும்மா" என்றாராம். இவள் குவிமாடத்துக்குள் ஏறி, ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டாள். கூரையைத் திறக்கும் கைப்பிடி மேலே, இயக்குநர் கீழே. வெயில் ஏற ஏற அவர் இறங்கி வந்தார். இவள் இறங்கவில்லை. அன்று தொடங்கியதுதான் இந்தப் பதிவு.

அவள் கண்டுபிடிப்பையும் எழுதினேன். ஒரு புள்ளிக்கூட்டம் மறைந்த இடத்திலேயே சில வாரம் கழித்து இன்னொன்று முளைப்பது தற்செயல் அல்ல என்று தாள்களை அடுக்கி வைத்து நிறுவினாள். 'சூரியனும் பழைய பகையை மறப்பதில்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். என்னைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது.

எழுதாமல் விட்டது: எனக்கான நேர்முகத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டவள் அவள்தான். இருந்தும் இன்றுவரை எல்லோரும் "அக்கா சிபாரிசு" என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் அடி.

மார்ச் 11, புதன்

இன்று ஒரு சின்ன வேலை செய்தேன். அக்கா வருவதற்கு முன் அவளுடைய தாளில், ஓரமாக, பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அதையும் சூரியனில் சேர்த்து எண்ணிவிட்டால் அந்த 'ஒன்று' என்ன ஆகிறது பார்க்கலாம் என்று.

வந்தாள். உட்கார்ந்தாள். தாளை லேசாக ஆட்டினாள். எல்லோரும் செய்வதுதான்: தாளில் இருக்கும் அழுக்கு தாளோடு நகரும், சூரியனுடையது ஒளியோடு நிற்கும். என் புள்ளி நகர்ந்தது.

"மெக்கானிக், இங்க வாங்க. என் தம்பி சூரியனுக்கே மச்சம் வெச்சிருக்கான்."

தொலைநோக்கியைப் பராமரிக்கும் மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

ஆனால் ஒன்று. அவள் வரைந்து கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்த பிறகு தாளைப் பார்த்தேன். வடக்கு ஓரத்தில், மங்கலாக, இரண்டு குட்டிப் புள்ளிகள். ஆட்டிப் பார்த்தேன், நின்றன. அவள் வரையவே இல்லை. வழக்கம்போல் என் கண்தான் மிகைப்படுத்துகிறதோ?

மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், "எதாவது தெரியுதா?" என்றேன்.

"ரெண்டு பொடி கிடக்கே சார். அம்மா விட்டுட்டாங்களா?"

மார்ச் 12, வியாழன்

இன்றும் விட்டாள். மங்கலானவை எல்லாம் போய்விட்டன. கரியவை மட்டும் பிழைத்தன. மெக்கானிக்கும் வாரம் ஒருநாள் வரைகிறவர். அவர் எண்ணும் இரண்டு ஆண்டுகளாக இறங்கியிருக்கிறது. எனக்கு இறங்கிய அதே அளவு!

ஆகா. ஆகாகா.

நாங்கள் யாரும் கூடுதலாகப் பார்க்கவில்லை. அவள் குறைவாகப் பார்க்கிறாள். எல்லோரையும் அவளை வைத்தே அளந்ததால் அளவுகோல் தேய்வது யாருக்கும் தோன்றவில்லை. நானும் மடையன்போல் என் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். படித்தவர்கள் நிறைந்த ஒரு கட்டடமே சேர்ந்து செய்யக்கூடிய முட்டாள்தனம்.

சாயங்காலம் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். "என்ன விசேஷம்?" என்றாள் மனைவி. "சும்மா, வெயில் நல்லா இருந்தது" என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா காபியை ஊற்றும்போது கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள். "மேசை சாஞ்சிருக்கு" என்றாள். மேசை சாயவில்லை.

அவள் போனதும் மனைவி கேட்டாள். "அண்ணி படியில கையால துழாவி இறங்குறாங்க. கவனிச்சீங்களா?"

"இல்ல."

"ஆபீஸ்ல?"

"ஆபீஸ்ல படியே இல்ல, ஏணிதான்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டேன். நான் ஏன் சொல்ல வேண்டும்? தொப்பிக்காரர் வரட்டும். அவரே பக்கத்தில் உட்கார்ந்து வரையட்டும். அவர் வாயால் வரட்டும். நான் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பேன். யார் மேலும் ஒரு விரலும் நீட்ட வேண்டியதில்லை.

பிரமாதமான திட்டம். பிறகு ஏன் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 19, வியாழன்

தொப்பிக்காரர் வந்துவிட்டார். நாளை மறுநாள் வரையத் தொடங்குகிறார். என் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, வராந்தாவில் என் தோளில் கைபோட்டார்.

"உள்ளுக்குள்ள சொல்லுங்க. ஒரு பொம்பள, தனியா, முப்பது வருஷம். எங்கயாவது ஓட்டை இருக்கத்தானே செய்யும்? நீங்க கூடவே இருக்கறவர். உங்களுக்குத் தெரியாதா?"

என் மனசிலிருந்ததையே பிடுங்கிக் கேட்டதுபோல் இருந்தது. "இருக்கு" என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

என்ன சொன்னேன்? "முதல்ல உங்க கைய எடுங்க" என்றேன்.

யார் இவன்? எனக்கும் அவளுக்கும் நாற்பது வருடச் சண்டை. பூனைக் காலத்திலிருந்து. அதில் பங்கு கேட்க இவனுக்கு என்ன உரிமை? ஏணியைப் பிடித்தானா, எதிர்ப்பள்ளிக்கு ஓடினானா? அவளிடம் குறை சொல்லும் உரிமை ஒருவனுக்குத்தான் உண்டு. அதுவும் அவன் வாங்கிய அடிக்கு ஈடாக.

தவிர, அவள் பதிவு போனால் என்னுடையதும் போய்விடும். என் எண்ணிக்கை எல்லாம் அவளால் பெருக்கப்பட்டதுதானே. ஆம். அதனால்தான். சுயநலம்தான். வேறொன்றுமில்லை.

மார்ச் 20, வெள்ளி

சொன்னேன்.

குவிமாடத்தில் அவளும் நானும் மட்டும். வடகிழக்கில் மங்கலாக ஒரு கூட்டம். பென்சில் முனையால் தொட்டுக் காட்டினேன்.

"இங்க என்ன தெரியுது?"

"பென்சில்."

"அதுக்குக் கீழ?"

"ஒண்ணுமில்ல. உன் வழக்கமான புலி."

"மெக்கானிக்குக்கும் தெரியுது அக்கா. ரெண்டு வருஷமா எங்க எல்லாருக்கும் சேர்ந்தே எண் இறங்குது. நாங்க மாறல. நீதான் மாறியிருக்கே."

முகம் சிவந்துவிட்டது. "பொறாமைடா உனக்கு. உடம்பெல்லாம் பொறாமை. தொப்பிக்காரன் வந்திருக்கற நேரம் பார்த்து—"

"பொறாமைதான். யாரு இல்லன்னா? அதுக்காகச் சூரியன் பொய் சொல்லுமா? ஆட்டிப் பாரு."

ஆட்டினாள். குனிந்தாள். மூக்கு தாளில் படும்வரை குனிந்தாள். மறுபடி ஆட்டினாள். ஐயோ, ஏன்தான் சொன்னோம் என்றிருந்தது. இவ்வளவு நாள் காத்திருந்த காட்சி. பார்க்க முடியாமல் கூரைப் பிளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நேத்துதான்."

"பொய்."

"போன வாரம்."

"இனிப்பு வாங்கிட்டு வந்தியே, அன்னிக்கா?"

என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குறி தப்பிக் காதில் விழுந்தது.

மார்ச் 21, சனி

அவளே எழுந்து சொன்னாள். தொப்பிக்காரர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"நீங்க வரையறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்குக் கண்ணுல புரை, நேத்து டாக்டர் பார்த்துச் சொன்னார். ரெண்டு வருஷமா நான் எண்ணினது செல்லாது. அதுக்கு முன்னால உள்ளதை மத்தவங்க தாளோட வெச்சுச் சோதிச்சுக்குங்க. இனிமே அளவுகோல் இவன்."

என்னைக் காட்டினாள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"இவருடைய எண் 0.7 இல்லையா?" என்றார் தொப்பிக்காரர். "இவரை எப்படி நம்பறது?"

"என் கண்ணு நல்லா இருந்தவரைக்கும் இவனுக்கு வருஷா வருஷம் 0.8. ஒரு புள்ளி ஏறல, இறங்கல. என் தம்பி எப்பவும் ஒரே மாதிரி தப்பாப் பார்க்கிறவன். அந்த மாதிரி ஆளைத்தான் நம்பலாம்."

இது பாராட்டா? மாலை வரை யோசித்தேன். மனைவி, "வேற எப்படிச் சொல்வாங்க, உங்க அக்கா ஆச்சே" என்றாள்.

மார்ச் 27, வெள்ளி

தொப்பிக்காரர் எல்லாத் தாள்களையும் பிரித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். புரைக்கு முந்தைய ஆண்டுகள் முழுதும் ஏற்கப்பட்டன. போகும்போது அக்காவுக்குத் தொப்பியைக் கழற்றினார். வழுக்கை என்று நினைத்திருந்தேன். இல்லை, நல்ல அடர்த்தியான முடி. அந்த ஒரு சந்தோஷமும் போயிற்று.

ஏப்ரல் 7, செவ்வாய்

வலது கண்ணுக்கு அறுவை. அறையில் படுத்துக்கொண்டு மருத்துவருக்கே கண்ணாடி வில்லை பற்றிப் பாடம் எடுத்தாளாம். நான் போகவில்லை. வெயில் அடித்தது, அளவுகோல் விடுப்பு எடுக்க முடியாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மே 2, சனி

எத்தனை புள்ளி என்று எழுதும்போது கை நிற்கிறது. முன்பெல்லாம் தோன்றியதை எழுதிவிடுவேன். திருத்த ஆள் இருந்தது.

ஜூன் 18, வியாழன்

போன மாதக் கடைசியிலேயே இரண்டு கண்ணும் சரியாகி அக்கா ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். விதிப்படி, புதுக் கண் என்றால் புது ஆள். சில வாரம் என்னோடு சேர்ந்து வரைந்தாள். இன்று அவள் எண்ணைக் கணக்கிட்டு, கையெழுத்துப் போட்டு, நானே என் கையால் பலகையில் ஒட்டினேன். 0.8.

"என்னடா இது? நான் பார்த்ததுல அஞ்சுல ஒண்ணு கிடையாதா?"

"நீ கூடப் பார்க்கறே அக்கா."

"இருக்கிறதைத்தான்டா பார்க்கறேன்! மேற்கு ஓரத்துல மூணு குட்டி, மணி மாதிரி நிக்குது."

"அளவுகோலுக்குத் தெரியல. விதி யார் வெச்சது?"

மெக்கானிக் ஏணிக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தார். அக்கா என்னை முறைத்துக்கொண்டே இறங்கினாள், ஒவ்வொரு படியாக, துழாவாமல்.

அவள் போன பிறகு மேற்கு ஓரத்தை மறுபடி பார்த்தேன். ஆட்டினேன். குனிந்தேன். ஒன்று இருப்பதுபோல் இருந்தது. மூன்று?

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், அக்காவின் கண் மருத்துவரிடம் எனக்கும் ஒரு நாள் கேட்டு வைக்கச் சொன்னேன். ஏன், என்ன ஆச்சு என்றாள். ஒன்றுமில்லை, சும்மா பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். மாடிக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

சொல்லிவிட்டாள். மேலேயிருந்து சிரிப்பு கேட்கிறது.