பேட்டரிக்குப் பதில் இரண்டு மரக்கட்டைகள்

நேற்று அலமாரியின் அடித்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகள் இரண்டு மரக்கட்டைகளை எடுத்து வந்தாள். "அத்தை, இது என்ன, வாலு வச்ச கட்டை? குப்பையில போட்டுடவா?" டார்ச் லைட் பேட்டரி அளவுக்கு உருட்டிச் செதுக்கியவை. முனைகளில் பித்தளை ஆணி, ஆணியிலிருந்து தொங்கும் ஒயர். நீங்கள் செய்தவைதான். போடு என்றேன். பிறகு நானே போய்க் குப்பையிலிருந்து எடுத்து வந்தேன். திட்டுவதற்கு எதிரில் ஏதாவது இருக்க வேண்டுமே.

சுதந்திரம் வந்து, நீங்கள் கார் ஓட்டிய துரை கப்பலேறியபோது அந்தப் படப்பெட்டியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே பேட்டரியில் ஒரு சின்ன பல்பு எரியும். அவர் எடுத்ததில் நமக்கென்று விட்டுப்போன படம் ஒன்றே ஒன்று. தீபாவளிக்குத் தைத்த பச்சைப் பாவாடையில், காஜா பெராங்கில் நாம் குடியிருந்த வீட்டு வாசலில் நம் மகள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பிலிம் துண்டுகளும் சேர்ந்து ஒரே படமாகும்போது, எட்டிப் பிடித்துவிடலாம் போல நிற்பாள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய வேறு படம் நம்மிடம் கிடையாது.

பேட்டரி சீக்கிரம் தீரும். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் பெட்டியை மூடி வைத்துவிடுவேன். எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்குத்தான் போதவில்லை. இடித்துப்போட்ட ஏதோ பங்களாவிலிருந்து, வாசல் மணிக்கு வைக்கும் டிரான்ஸ்பார்மரைக் கொண்டு வந்தீர்கள். வீட்டுக் கரண்டைப் பல்புக்குத் தகுந்தபடி அது குறைத்துக் கொடுக்குமாம். பேட்டரி இருந்த இடத்தில் இந்தக் கட்டைகளைச் செருகி ஒயரை இழுத்தீர்கள்.

"இனி பேட்டரியே வேணாம்லா. நாள் பூரா நீ புள்ளையப் பாத்துக்கிட்டே இரு."

"நான் கேட்டேனா?"

"கேட்டாத்தான் செய்யணுமா?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் போன முதல் வருஷப் படையல். மாலை போட்டு விளக்கு வைக்கச் சுவரில் படம் இல்லை என்று, பெட்டியையே பலகையில் வைத்து மல்லிகைச் சரத்தை அதைச் சுற்றிக் கட்டினீர்கள். சுவிட்சைப் போட்டீர்கள். காலையிலிருந்து எரிந்தது. உஜோங் பாசிரிலிருந்து வந்திருந்த உங்கள் அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். நான் தொட்டுப் பார்த்தேன், பெட்டி சுட்டது.

"என்னங்க, ரொம்ப சுடுதுங்க. நிப்பாட்டிடவா?"

உங்கள் அக்கா முந்திக்கொண்டார். "படையல் முடியாம வெளக்க யாராச்சும் அணைப்பாங்களா? புள்ளைக்கு ஆகாது."

அது என்ன குத்துவிளக்கா என்று கேட்க வாய் வரை வந்தது. நீங்கள் சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். கரண்டைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள்தானே? "அக்கா சொல்றது சரிதான். எரியட்டும்" என்றீர்கள்.

சாம்பிராணிப் புகையில் தீய்ந்த வாடை யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் உள்ளே பார்த்தேன். பச்சைப் பாவாடை இருந்தது. அதற்கு மேலே பிலிம் கொப்புளித்துச் சுருண்டிருந்தது. இரண்டு துண்டிலும் அப்படித்தான். பழைய பேட்டரியாக இருந்திருந்தால் அதுவே தீர்ந்துபோய் என் பிள்ளையை விட்டு வைத்திருக்கும்.

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். வந்தவர்களெல்லாம் உங்களைச் சுற்றி உட்கார்ந்து தேற்றினார்கள். "நீ ஒன்னும் சொல்லிடாதம்மா, அவன் தாங்க மாட்டான்" என்று உங்கள் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நான் தாங்குவேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் காப்பி கலக்கப் போனேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவீர்கள். கடைசி வரை ஒரு வார்த்தை திட்ட விடாமலே போய்ச் சேர்ந்தீர்கள். கெட்டிக்காரர்தான்.

எனக்கு அவள் முகம் மறந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும். இடுப்பில் அவளுடைய கனம் இன்னும் இருக்கிறது. எண்ணெய் தேய்த்த தலை என் தாடையில் வந்து இடிப்பது தெரிகிறது. முகத்தை மட்டும் எவ்வளவு கூப்பிட்டாலும் வருவதில்லை.

நீங்கள் போனபோது, "மகள்கிட்ட போய்ச் சேர்ந்துட்டாரு" என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அதிலும் எனக்குக் கோபம்தான். அவள் முகத்தை எனக்கு இல்லாமல் செய்தவரும் நீங்கள், முதலில் போய்ப் பார்ப்பவரும் நீங்களா? சரி, பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் காலம் நெருங்குகிறது. நான் வரும்போது அங்கே எத்தனையோ பிள்ளைகள் நிற்பார்கள். எது என் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, இதுதான் உன் அம்மா என்று காட்டுங்கள். அதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்.